ஒன்பது வாட்

கோட்டைக்குள் அருங்காட்சியகத்தில்
மூன்றாம் கூடத்துக்கு ஒயரிங் என் பொறுப்பு.
பதினான்கு நடுகற்கள், பதினான்கு விளக்குகள்.
கல்லுக்கு ஒன்றென்று கணக்கெழுதிக்
கையெழுத்தும் வாங்கியாயிற்று.

அக்னி நட்சத்திரம்.
அகழித் தண்ணீர் பச்சையாய் நாறுகிறது.
மின்விசிறியைத் தேடி உள்ளே வருகிறவர்கள்
பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்காரர்கள்,
வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து
ஸ்கேன் முடிவுக்குக் காத்திருப்பவர்கள்.
நீளமான பிலிம் உறையை அக்குளில் இடுக்கியபடி
ஒவ்வொரு வீரனாய்ப் பார்த்து நகர்வார்கள்,
யாருக்கு எங்கே அம்பு பட்டிருக்கிறதென்று.

ஒன்பதாம் கல்
சாலையை அகலப்படுத்தும்போது கிடைத்தது.
அட்டையில், 'தொறு மீட்டுப் பட்டவன். பெயர் சிதைந்துள்ளது.'
தொறு என்றால் மாட்டு மந்தை என்று மேடம் சொன்னார்.

நேரே முகத்தில் அடித்தால்
ஆள் காணாமல் போகிறான், வெறும் கருங்கல்.
ஏணியிலிருந்து இறங்கி
டார்ச்சைத் தரையோரம் வைத்துச் சாய்த்தேன்.
முதலில் முழங்கால் வந்தது.
அப்புறம் வில்.
தொடையில் தைத்த அம்பு.
காலருகே, பதிவேட்டில் யாரும் எழுதாத
ஒரு கன்றின் காது.
மேடத்தைக் கூப்பிட்டேன்.
தரையில் உட்கார்ந்து பார்த்தார்.
"போட்டோவுக்கு முன்பக்கம்தானே வெளிச்சம் வேணும், இம்தியாஸ்"
என்றார், எழுந்திருக்காமலே.

வெள்ளிக்கிழமை
ஒடுகத்தூர் பஸ்ஸில் வந்திறங்கிய ஒருத்தி
முந்தானை முடிச்சவிழ்த்து டிக்கெட் வாங்கினாள்.
வருகைப் பதிவேட்டில் அஞ்சலாட்சி என்று
கோணல்மாணலாய் எழுதிவிட்டு
நேரே ஒன்பதாம் கல்லுக்குப் போனாள்.
வீரனைப் பார்க்கவேயில்லை.
சுவருக்கும் கல்லுக்கும் நடுவே கையை விட்டாள்.

"தொடாதம்மா!" காவலர் தணிகாசலம்.

"எங்க கல்லு சார் இது.
அந்தப் பக்கம் இன்னா கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?
அது மண்ணுல கவுந்து கெடந்துச்சு.
நாங்க தொவச்சது இந்தப் பக்கம்."

டார்ச்சை உள்ளே நீட்டினேன்.
சோப்புக்கட்டி போல வழவழப்பு.
எதிரெதிரே இரண்டு பள்ளங்கள்.
ஓரத்தில், ரசாயனம் போட்டுக் கழுவியும் போகாத
சொட்டு நீலக் கறை.

"வடக்கால நின்னவ குழி அது. நானு தெக்கால."
கையைக் குவித்துப் பள்ளத்தில் வைத்தாள்.
அளவெடுத்ததுபோல் அமர்ந்தது.
பிறகுதான் முன்னால் வந்து
வில்லோடு நிற்கிறவனை ஏற இறங்கப் பார்த்தாள்.
"இவ்ளோ நாளும் எங்களுக்கு அடியிலயா கெடந்தான் இந்த ஆளு?
ஒரு வார்த்த சொல்லியிருந்தா
கொஞ்சம் மெதுவா அடிச்சிருப்போம்."

தணிகாசலம் சிரித்ததை
நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.
நாலரை பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள்.

கல்லைச் சுவரைவிட்டு நகர்த்த
மேடம் மேலே கடிதம் எழுதினார்.
பதில் வருமுன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை,
ஐந்து பேர், இரண்டு கடப்பாரை, ஒரு பழைய டயர்
எல்லாம் எப்படியோ அங்கே இருந்தன.
ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடைவெளி.
முன்னாலிருந்த விளக்கைக் கழற்றித்
தரையோரம் பொருத்தினேன்.
பின்னால் ஒன்பது வாட்டில் இன்னொன்று.

தணிக்கையிலிருந்து தாள் வந்திருக்கிறது:
கற்கள் பதினான்கு, விளக்குகள் பதினைந்து.
விளக்கம் தருக.

மேடம் அதை என்னிடம் தள்ளிவிட்டார்.
இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.
கல்லுக்கு முதுகு உண்டென்று
எந்தப் படிவத்தில் எழுதுவது?

இன்று பகலில் ஒரு வங்காளிப் பையன்,
பத்தொன்பது இருபது வயதிருக்கும்,
யாருடைய ஸ்கேனோ, உறையை
வீரனின் முழங்காலில் சாய்த்துவைத்துவிட்டுப்
பின்னால் நுழைந்தான்.
வெகுநேரம் வரவில்லை.
எட்டிப் பார்த்தேன்.
தெற்குப் பள்ளத்தில்
உள்ளங்கையைப் பதித்து நின்றிருந்தான்.

தணிகாசலம் ஜன்னல் பக்கம் திரும்பி
அகழியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.