நீலம் ஏறாதவை

அல் ஜுர்ஃபில் மின்சாரம் போனாலும்
இந்தப் பெட்டிக்குள் முப்பத்தேழு டிகிரி குறையாது.
வெளியே நாற்பத்தெட்டு.
டாக்சிக் கதவின் பிடி சுட்டதில்
கட்டைவிரல் இன்னும் சிவந்திருக்கிறது.
உள்ளே, குடுவையின் தரையில்
சேவுகப்பெருமாள் பெருகிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெயர் எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது.
ஒப்புதல் தாளின்படி அவர் டி-பதினேழு,
ஆண், முப்பத்தொன்று,
இடப்பக்கக் கீழ்த்தாடையின் கடைசிப் பல், சொத்தையில்லை.
கிளினிக்கில் பெயர் கூப்பிட்ட மலையாள நர்ஸ்
'சேவுக' என்று தொடங்கி மூச்சுமுட்டி நிற்க
மீதியை நான்தான் சொல்லி முடித்தேன்.
பஞ்சைக் கடித்தபடியே கேட்டார்:
"அந்தப் பல்லத் திருப்பித் தருவீங்களா மேடம்?"
தர மாட்டோம் என்றேன்.
"இல்ல, கூரையில எறியலாம்னு பார்த்தேன்.
கேம்ப்ல தகரக் கூரை. ராத்திரி ஷிப்ட்காரன் முழிச்சுக்குவான்."
மரத்துப்போகாத பாதி வாயால் சிரித்தார்.

வேரின் மேல் ஒட்டியிருந்த சவ்வைச் சுரண்டி
கன்றின் சீரம் கலந்த இளஞ்சிவப்பு நீரில் இட்டேன்.
பதினொரு நாள் ஒன்றுமில்லை.
பன்னிரண்டாம் நாள், ஓரத்தில்
மீன்குஞ்சாய் வால் நீண்ட ஒன்று.
இப்போது மூன்று லட்சம்.

கேள்வி எளிது.
வேர்க்குழாய் கழுவும் நீர்
நுனித்துளை தாண்டிக் கசிந்தால்
அங்கே உயிரோடிருப்பது என்னவாகும்?

கழுவும் நீர் என்றுதான் சொல்கிறோம்.
புட்டியில் எழுதியிருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட்.
இரவில் தரை துடைக்க வரும் பிம்லாவின் வாளியிலும் அதுதான்,
லேபிளில் மட்டும் ஓர் எலுமிச்சம்பழம்.
என்னுடையதை மோந்துவிட்டுச் சொன்னாள்:
"உங்களது கொஞ்சம் தண்ணி."
அவள் விரல்நுனிகளில் ரேகை இல்லை.
அடையாள அட்டை புதுப்பிக்கப் போன இடத்தில்
எந்திரத்துக்கு நான்கு முறையும் அவளைத் தெரியவில்லை.

ஐந்தேகால் சதவீதத்தில் எண்ண எதுவும் மிஞ்சவில்லை.
இரண்டரையில் உருண்டு, பிடி விட்டு, மிதந்தார்.
ஒன்றிலும் அப்படித்தான், சற்றுத் தாமதமாக.
இன்னும் நீர்த்துப் பார் என்றார் டாக்டர் ரீம்.
நீர்க்க நீர்க்க அவர் பிழைத்தார்.
பக்கத்துத் தட்டில் கிருமியும் பிழைத்தது.

எண்ணுவதற்கு ஒரு சாயம் உண்டு, டிரைப்பன் நீலம்.
செத்த செல் அதை உள்ளே விட்டுவிடும்.
உயிருள்ளது விடாது.
கதவைச் சாத்திக்கொண்டு வெளேரென்று நிற்கும்.
நீலத்துக்கு இடது பொத்தான்,
வெள்ளைக்கு வலது.
மாலை ஆறுக்கு ஜன்னலுக்குக் கீழே
கம்பெனி பஸ்ஸிலிருந்து நீலச் சீருடைகள் இறங்கின.
என் இடக்கை விரல் தானாக அழுத்தியது,
ஒன்று, இரண்டு, மூன்று.
சீ என்றானது.
அவர்களில் ஒருவன் செல்போனில் யாரையோ
வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனான்.
அந்தத் தட்டை முதலிலிருந்து எண்ணினேன்.

ஜூலையில் ஆய்வுப் பணம் தீர்ந்தது.
தையல் பிரிக்க அவர் வரவேயில்லை,
விசா முடிந்து அனுப்பிவிட்டார்களாம், நர்ஸ் சொன்னாள்.
எதுவும் ஊற்றாத குடுவை ஒன்று எஞ்சியிருந்தது.
மற்றவற்றோடு ஒப்பிட
முதல் நாளிலிருந்து தொடாமல் வைத்தது.
அடியில் நெருக்கியடித்து, நெல் நாற்றுப்போல ஒரே திசையில்.

வளர்த்ததை வளர்ந்தபடியே குப்பையில் போட விதியில்லை.
பத்தில் ஒரு பங்கு ப்ளீச், இருபது நிமிடம்.
என் புட்டி காலி.
பிம்லாவிடம் எலுமிச்சம்பழத்தை இரவல் வாங்கினேன்.
எதற்கென்று அவள் கேட்கவில்லை.

இளஞ்சிவப்பு ஒரு நொடி ஊதா கண்டது,
பிறகு வெளுத்து
குடிக்கிற தண்ணீர்போல ஆனது.

கைகழுவி உட்கார்ந்து
அறிக்கையின் விட்டுப்போன கட்டத்தை நிரப்பினேன்:
கட்டுப்பாட்டுக் குழு,
பாதிப்பு ஏதுமில்லை.