ஐந்து பொத்தான்கள்

லெர்விக் துறைமுக அலுவலகத்தில்
கரை ஒதுங்கியதற்கெல்லாம் ஒரு படிவம் உண்டு.
ஃப்ளாட்சமா, ஜெட்சமா,
ஒன்றில் குறியிட வேண்டும்.

கப்பல் உடைந்து தானாய் மிதந்து வந்தது முன்னது.
பாரம் குறைக்க யாரோ கையால் வீசியது பின்னது.
ஊரில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்,
தட்டுமுட்டுச் சாமான் என்பதுபோல.
தட்டு எது, முட்டு எது என்று யார் கேட்டார்?

பதினொரு வருடம் யோசிக்காமல் குறியிட்டேன்:
பலகை, மிதவை,
ஒருமுறை நாற்பது பெட்டி ஆரஞ்சு.

செவ்வாயன்று இங்கா ஹால்க்ரோ வந்தாள்.
மேசைமேல் மஞ்சள் மழைக்கோட்டு ஒன்றை வைத்தாள்.
உப்புப் பூத்து விறைத்திருந்தது.
காலரின் உள்ளே அவள் தைத்த எழுத்துகள்.

படகு ஜனவரியில் போனது. ஆறு பேர்.

"அலை பிடுங்கியிருக்கும்" என்றேன்,
முதல் கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தி.

"நூலைப் பாருங்கள்."

ஐந்து பொத்தான்கள். ஒன்றுகூட அறுபடவில்லை.
ஐந்தும் அவிழ்த்து விடப்பட்டிருந்தன.

வீட்டில் அவன் பொத்தான் அவிழ்த்ததே இல்லையாம்.
தலைவழியே உருவி நாற்காலியில் எறிவானாம்.
அதற்கு அவள் திட்டாத நாளில்லையாம்.

அப்படியானால் நேரம் இருந்திருக்கிறது.
அந்தக் குளிரிலும் விரல்கள் சொன்னபடி கேட்டிருக்கின்றன.
நீந்திவிடலாம் என்று
நினைத்திருக்கிறான்.

சட்டப்படி ஜெட்சம் என்பது கப்பலின் பாரம்.
மனிதன் இறக்கிவைத்த பாரத்துக்குக் கட்டம் கிடையாது.
இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இரண்டாவது கட்டத்தில் குறியிட்டேன்.
மேசைக்கு அந்தப் பக்கமிருந்து
தலைகீழாகவே படித்துச் சரிபார்த்தாள்.
பிறகு கேட்டாள்,
ரசீது தருவீர்களா என்று.