மூன்று விரல்

பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது என்றார்
தொண்டை டாக்டர்.
கிசுகிசுப்பது இன்னும் கெடுதலாம்.
உஷியோ தலையை மட்டும் ஆட்டினான்.
ரிபெய்ரா மீன் ஏலக்கூடத்தில்
இருபத்திரண்டு வருடம்
விடியலுக்கு முன்னே கத்திக் கத்தித்
தேய்ந்த தொண்டை.

இன்று ஆறாம் நாள்.
கடைசி பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு நான் வர
ஒன்பதே முக்கால்.
சமையல் மேடையில் வலைப்பை, ஒரு கிலோ சிப்பி,
பக்கத்தில் மளிகை ரசீதின் முதுகில் அவன் கையெழுத்து:
‘மத்தியானம் மிதவையிலிருந்து எடுத்தது.
நீ தாடி. நான் பூண்டு.’

தாடி என்றால்
சிப்பி கயிற்றைப் பிடித்துத் தொங்கும் நார்.
கீல் பக்கமாக வெடுக்கென்று இழுக்க வேண்டும்,
எதிர்ப்பக்கம் இழுத்தால் சதை கிழியும்.
சில்லறைக்குச் சண்டை போட்ட பயணியைப் பற்றி
சொல்லிக்கொண்டே இழுத்தேன்,
பாதியில் நிறுத்திவிட்டேன்.
‘ம்’ கொட்டக்கூட ஆளில்லாத கதை
எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகாது.

மற்றபடி இதில் வித்தை எதுவுமில்லை.
அகலப் பாத்திரம்.
பின்பக்க மரத்தில் பறித்த பிரிஞ்சி இலை இரண்டு.
நசுக்கிய பூண்டு.
ஒரு தம்ளர் வெள்ளை ஒயினில்
பாதி பாத்திரத்துக்கு, பாதி சமைப்பவருக்கு.
உப்பு வேண்டாம், கடல் போட்டுவிட்டது.
மூடி. பெரிய தீ. நாலு நிமிஷம்.

இரண்டாவது நிமிஷத்தில்
ஒரு ‘டக்’.
கொஞ்சம் தள்ளி இன்னொன்று, பதில் மாதிரி.
பிறகு எல்லாம் ஒரே நேரத்தில்,
டக்கு டக்கென்று ஓடு ஓட்டில் இடித்து
சந்தைக்கடையாகிவிட்டது பாத்திரம்.
உஷியோ காதைச் சாய்த்துக்கொண்டு நின்றான்,
மணியடிக்கும் முன்
வியாபாரிகளின் முணுமுணுப்பைக் கேட்பவன்போல.
ஆறு நாளில் எங்கள் வீட்டில்
இத்தனை வாய்கள் திறந்தது
இதுதான் முதல் தடவை.

ஆவி விலகியதும்
கருப்பு ஓடுகளுக்குள் ஆரஞ்சு நாக்குகள்.
புகைபோட்ட மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை தூவி
பாத்திரத்தையே மேசைக்குத் தூக்கிவந்தோம்,
இரண்டு பேருக்கு எதற்குத் தட்டு.

காலி ஓட்டையே இடுக்கியாக்கி
அடுத்த சிப்பியைக் கிள்ளி எடுப்பது
நான் அவனுக்குக் காட்டித் தந்தது.
அவன் வீட்டில் எல்லோரும் ஏலக்காரர்கள்,
கடலை விலையாகவே பார்த்தவர்கள்.

அடியில் தேங்கிய சாற்றை
ரொட்டியால் தொட்டுத் துடைத்துத் தின்று முடித்தபோது
மிஞ்சியது ஒன்றே ஒன்று.
இருந்ததிலேயே கொழுத்தது.

அவன் எழுந்தான்.
நாற்காலியைப் பின்னால் தள்ளி, சட்டையை இழுத்துவிட்டு,
இரண்டு கைகளையும் விரித்தான்:
பத்து.

எங்கள் ஊர் ஏலத்தில் விலை ஏறாது, இறங்கும்.
ஒரு தரம் ரெண்டு தரம் கிடையாது.
முதலில் வாய் திறப்பவருக்கு மீன்.

ஒன்பது.
ஒரு மிடறு ஒயின் குடித்தேன்.
எட்டு. ஏழு.
அக்கறையில்லாததுபோல்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
ஆறு. புருவம் கெஞ்சியது.
ஐந்து.
நான்கு விரல் அவ்வளவு நேரம் அந்தரத்தில் நின்றது.
அவன் கண் சிப்பிமேல் போவதைப் பார்த்தேன்.
மூன்று —
“எனக்கு!”
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சிரித்தான்.
சத்தமில்லாமல், தோள் குலுங்க,
ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு
கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

மூன்று என்ன என்று
தின்ற பிறகுதான் கேட்டேன்.
ரசீதைத் தேடி எடுத்து எழுதினான்:
‘மூன்று நாள் பாத்திரம் நீ.’

கழுவும்போது இலைக்கு அடியில் அகப்பட்டது,
கடைசிவரை திறக்காத ஒரு சிப்பி.
திறக்காததை நெம்பாதே
என்பது இந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும்.
அதைக் குப்பையில் போட்டேன்.

அவனுக்கு இன்னும் நாலு நாள் தருகிறேன்.