மீதி இல்லை

முதல் அறைக்கும் இரண்டாம் அறைக்கும் நடுவே
ஏழு தப்படி.

பதினொன்று பத்துக்கு
ஒரு கிழட்டு லாப்ரடாரின் முன்னங்காலில்
மருந்தை மெல்ல ஏற்றி,
நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து,
வேண்டியதற்கு மேலும் கொஞ்சம் கேட்டுவிட்டு
"போய்விட்டான்" என்று சொல்ல வேண்டும்.
பதினொன்று இருபத்தைந்துக்கு
எட்டு வாரக் குட்டியை ஏந்தி
"அடடே, யார் இது!"
இடையில் முகத்தை மாற்றிக்கொள்ள
ஐந்து வருடப் படிப்பில் ஒரு பாடமும் இல்லை.
கெத்தின் நாலாவது அடியில் இருமுவான்.
நான் கை கழுவுவேன்,
கழுவிய கையை.

வேல்ஸின் மேற்குக் கரை.
கை காட்டினால்தான் ரயில் நிற்கும் ஊர்.
எங்கள் மருத்துவமனை முன்பு மீன்கடை.
மழை நாளில் சுவர் இன்னும் அதைச் சொல்லும்.
அதனால் பூனைகளுக்கு மட்டும் எங்கள்மேல்
சந்தேகம் கலந்த ஒரு மரியாதை.

மகள் நள்ளிரவில் கன்று இழுப்பாள் என்று
அப்பா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.
நான் இழுத்ததெல்லாம்
ஸ்பேனியலின் குடலிலிருந்து
பள்ளிச் சீருடைக் காலுறை.
இடது கால்.
வலது, இரண்டு நாள் கழித்துத்
தானாக வந்தது.

கட்டைவிரலில் ஒரு முயல்.
மணிக்கட்டில், இளவரசி என்று பெயருள்ள பூனை.
கடையில் பாலாடைக்கட்டி எடுக்கப் போனால்
யாராவது போனை நீட்டுவார்கள்,
நாயின் மலம், மூன்று கோணங்களில்.
பார்த்துச் சொல்லிவிட்டு
பாலாடைக்கட்டியைத் திரும்ப வைத்துவிடுவேன்.
என் சொந்தப் பூனைக்குத் தடுப்பூசி தள்ளிப்போய்
நாலு மாதம் ஆகிறது.

இட்வாலின் நாய் பட்டன்.
சாக்குத் துணி நிறத்தில் ஒரு டெரியர்.
மண்ணீரல் வெடித்து வந்தபோது இரவு ஒரு மணி.
ஹெலெத் விளக்கைச் சரித்துப் பிடிக்க
நான் தைத்தேன், தைத்த இடத்துக்குப் பக்கத்தில்
இன்னொரு இடம் கசிந்தது.
மூன்று நாற்பதுக்கு ஊசியைக் கீழே வைத்தேன்.

ஆயிரத்து முந்நூற்று நாற்பது பவுண்டு.
பாதி போதும் என்றான் கெத்தின்.
"பாதி இரவா விழித்திருந்தீர்கள்?"
என்று கேட்டார் இட்வால்.

வெள்ளிதோறும் நாலு மணிக்கு
ஒரு பழுப்பு உறையில் பத்து பவுண்டு.
சில வாரம் தாள், சில வாரம் சில்லறை.
உண்ணிகளைப் பற்றிய சுவரொட்டிக்குக் கீழே
தன் முறை வரும்வரை உட்கார்ந்திருப்பார்,
முன்னால் யாருமே இல்லாத நாளிலும்.
நூற்று முப்பத்து நாலு வெள்ளி.
கதவு மணி அந்த நேரத்துக்கு அடித்தால்
அறைக்குள் என் விரல்
மூன்று நாற்பதுக்குப் போய்த் திரும்பும்.
யாரிடமும் சொன்னதில்லை.

கடைசி வெள்ளியன்று டெலித்
திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.
மீதி இல்லை.
தொப்பியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார்,
போய்விட்டார்.

அடுத்த வெள்ளி, நாலு மணி.
கதவு மணி.

நாயும் இல்லை, கடனும் இல்லை.
டெலித் என்னைப் பார்த்தாள்.
நான் கெத்தினைப் பார்த்தேன்.
கெத்தினுக்கு மேற்கூரையில் ஏதோ வேலை இருந்தது.

இட்வால் தானே போய்
வாசலோரத்து நாய் எடை மேடையில்
ஏறி நின்றார்.
எழுபத்தொன்று புள்ளி நாலு.

டெலித் புது அட்டை திறந்தாள்.
கம்ப்யூட்டர் கேட்டது:
இனம்? நிறம்?
கருத்தடை செய்தாயிற்றா?
அவள் அதை மூடிவிட்டு
மேசை நாட்குறிப்பில் பேனாவால் எழுதினாள்:
இட்வால். 71.4. நன்றாகச் சாப்பிடுகிறார்.
மூக்கு ஈரமாக இருந்தது.

உள்ளே ஒரு மரநாய் என் கையுறையைக்
கடித்துக்கொண்டிருந்தது. போனேன்.

அதற்கடுத்த வாரம் 71.9.
தீனியைக் குறைக்கச் சொல் என்றான் கெத்தின்.