பத்துக் கோடியில் பன்னிரண்டு

லெமிங்டனில் பிப்ரவரி.
ஏரிக்காற்று வண்டிக் கதவைத் திறக்க விடவில்லை.
கண்ணாடிக்கு உள்ளே
பன்னிரண்டு ஏக்கர் சித்திரை மாதம்.

ஹெல்கா டைக் வணக்கம் சொல்லவில்லை.
உள்ளங்கையை விரித்தார்.
மஞ்சள் பூக்கள், காம்புக் கணுவில்
சுத்தமாகக் கழன்றவை.
"நான்காம் கொத்து முழுக்க" என்றார்.
"தண்ணீர் சரி. உரம் சரி.
தேனீப் பெட்டி போன வாரம்தான் மாற்றினோம்."

முதலில் பார்த்தவர் எவரார்தோ.
பதினோரு பருவமாக இந்த வரிசைகளில்
நூலில் கொடி சுற்றுகிறவர்.
இலைகள் குனிந்திருந்தன.
வாட்டமில்லை, தண்டில் நீர் நிமிர்ந்தே ஓடியது,
ஆனாலும் அத்தனையும்
தரையில் சில்லறையைத் தவறவிட்டுத் தேடுவதுபோல.
அவர் அதற்கு ஒரு ஸ்பானியச் சொல் சொன்னார்.
எனக்குப் புரியவில்லை. மீட்டரை இயக்கினேன்.

எத்திலீன்.
இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன்.
இதைவிடச் சுருக்கமாக
எவரும் எவருக்கும் கடிதம் எழுதியதில்லை.

பூ, பிஞ்சு, காய், செங்காய், கனி:
நம்மிடம் பெயர்கள் இருக்கின்றன.
ஒரு பெயரிலிருந்து அடுத்ததற்குப் போக
செடிக்கு ஒரு தகவல் வேண்டும்.
மகரந்தம் முளைத்ததும்
ஆக்சின் காம்புக்குச் சொல்லும்: பிடித்துக்கொள்.
ஜிப்பரெலின் கூடச் சேர்ந்துகொள்ளும்.
செல்கள் எண்ணிக்கையில் பெருகும், சில நாள்;
பிறகு பெருகுவதை விட்டுவிட்டு
ஒவ்வொன்றும் தன்னைத் தண்ணீரால் ஊதிக்கொள்ளும்.
அப்புறம் ஒரு நீண்ட பச்சை.

அந்தப் பச்சையை நான் வெறும் காத்திருத்தல் என்று
நினைத்திருந்தேன், படித்த காலத்தில்.
இல்லை. ஒவ்வொரு செல்லிலும் ஒரு காவலாளி உட்கார்ந்து
'வேண்டாம், வேண்டாம், வேண்டாம்' என்று
ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான்.
எத்திலீன் வந்து எதையும் கட்டளையிடுவதில்லை.
அவன் வாயைப் பொத்துகிறது.
பழுப்பது என்றால்
ஒரு மறுப்பு ஓய்வது.
பச்சையம் கலைய, சிவப்பு ஊற, சதை இளக,
பழமே அந்த வாயுவை இன்னும் இன்னும் விட,
பக்கத்துக் காயின் காவலாளியும் அடங்குகிறான்.

பூவிலும் அதே காவலாளிதான்.
அதே வேண்டாம்.
ஆனால் பூவுக்குப் பழுக்கத் தெரியாது.
வாயைப் பொத்தினால் அதற்குத் தெரிந்தது
விழுவது ஒன்றே.

வரிசை வரிசையாக நடந்தேன்.
எண் ஏறிய பக்கமாக, குழந்தைகள் ஆடும்
'சூடு, இன்னும் சூடு' விளையாட்டு மாதிரி.
மூன்றாம் ஹீட்டரின் பின்புறம் நின்றது:
பத்துக் கோடியில் பன்னிரண்டு பங்கு.
தகட்டில் ஒரு விரிசல், என் நகத்தைவிடக் குட்டை.
எரிவாயு அங்கே பாதி எரிந்து
மீதியைப் பேசிக்கொண்டிருந்தது,
செடிகளின் மொழியில், பிழையில்லாமல்,
யாரும் அனுப்பாத கடிதத்தை.

அணைத்தோம். மேற்கூரைச் சாளரங்கள் திறந்தன.
பனி உள்ளே வந்து பாதியிலேயே மழையானது.
தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பின.
"இலை நிமிருமா?"
நிமிரும், இரண்டு மூன்று நாளில்.
"பூ?"
ஹெல்காவே கையை மூடிக்கொண்டார்.

ஐந்தாம் கொத்து மொட்டாக இருந்தது,
ஒன்றும் கேட்காததுபோல.

ஏப்ரல் நடுவில் எடைக்கணக்கில்
ஒரு வாரம் பள்ளம் விழும்.
டொராண்டோவில் எந்தக் கடையிலோ ஒரு தட்டு
கொஞ்சம் சீக்கிரம் காலியாகும்.
எவரார்தோ ஏணியைத் தள்ளிக்கொண்டு
அடுத்த வரிசைக்குப் போனார்.
அந்தச் சொல்லை மறுபடி சொல்லச் சொல்லி
கேட்டிருக்கலாம்.
வண்டியில் ஏறிய பிறகுதான் தோன்றியது.