ஒரு சீர் குறைவு

கிளாஸ்கோ. நாற்பத்தெட்டாம் வருஷம். மழை என்று
தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.
நான் அச்சுக் கோப்பவன்,
எழுத்தை இடம்வலம் மாற்றி வாசித்தே கண் கெட்டவன்.
கவிதை என்றால்
வரியோரத்தில் வெற்று ஈயம் அதிகம் பிடிக்கும்,
அவ்வளவுதான் தெரியும்.

மிஸ் ஆக்டர்லோனி கொண்டுவந்த கட்டில்
இருபத்திரண்டு காண்டம்.
டஸ்கனி மலையில் பேர் தெரியாத எவனோ
அறுநூறு வருஷத்துக்கு முன் பாடிய போர்க்கதை.
எட்டெட்டு வரியாக நடக்கிறது:
ஆறு வரி மாறி மாறி இயைந்து வர,
கடைசி இரண்டும் கைகோத்துக்கொண்டு
கதவைச் சாத்திவிட்டுப் போகும்.

"இத்தாலியில் எந்தச் சொல்லும்
வாய் திறந்தபடி முடியும், மிஸ்டர் கில்ஃபெதர்.
நம் இங்கிலீஷ்
கதவிடுக்கில் விரல் நசுங்கினாற்போல் முடிகிறது" என்றார்.
பதினேழு வருஷம் இயைபு தேடினாராம்,
லார்க்ஸ் துறைமுக அலுவலகத்தில்
ஓதநேரப் பட்டியல் போட்டுக்கொண்டே.

ஒன்பதாம் காண்டம், நாற்பத்தோராம் பாட்டு, ஆறாம் வரி.
விரல்விட்டு எண்ணினேன். ஒரு சீர் குறைந்தது.
மறுபடி எண்ணினேன்.
"சொல் விட்டுப்போயிருக்கிறதே, மேடம்?"

அவர் கையுறையைக் கழற்றினார்.
நட்டநடு மதியம். பொட்டல் வெளி.
வீரன் சாகக் கிடக்கிறான்.
அவன் குதிரை அடி மேல் அடி வைத்து நகர்ந்து
சூரியனுக்கும் அவன் முகத்துக்கும் இடையில் நிற்கிறது.
குதிரை தந்தது எதுவோ
அதற்கு மூலத்தில் ஒரே சொல்: ரெட்ஸோ.
அகராதி 'நிழல்' என்றது. அப்படியே எழுதியிருந்தார்.

கடற்கரையில் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்த
நெல்லோ பியாஜியோனி
கரண்டியைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினானாம்.
"நிழல் கல்லின் மேலும் விழும், மேடம்.
கல்லுக்கு ரெட்ஸோ உண்டா?
அரிவாளை வைத்துவிட்டு, வயலிலிருந்து
செஸ்நட் மரத்தடிக்கு வருகிறீர்கள்.
ஒட்டியிருந்த சட்டை முதுகைவிட்டுப் பிரிகிறது.
அந்த நொடி அது.
வெயிலே காயாத ஊரில்
அதற்குச் சொல் எங்கே முளைக்கும்?
யோசித்து வைக்கிறேன். புதன்கிழமை வாருங்கள்."

அது நாற்பதாம் வருஷத்து ஜூன்.
திங்களன்று ரேடியோ சொன்னது:
இத்தாலி இனிமேல் எதிரி.
அன்றிரவு கண்ணாடியை உடைத்தவர்கள்
அவனிடம் கடன் சொல்லித் தின்றவர்கள்தான்.
விடியும்முன் இரண்டு போலீஸ், ஒரு லாரி.
ஜூலையில் அவனை ஏற்றிப்போன கப்பல்
அட்லாண்டிக்கில் இறங்கிவிட்டது.

"புதன்கிழமை போனேன்" என்றார்.
பிறகு, "அப்படியே இருக்கட்டும்."
"பிழை என்பார்களே?"
"சொல்லட்டும்."

எங்கள் தொழிலில் இடைவெளிக்கும் எடை உண்டு.
எழுத்தைவிட உயரம் குறைந்த ஈயத்துண்டு,
மை அதைத் தொடாது.
உருவிவிட்டால் மட்டும்
வரி குலையும், பக்கம் சரியும்.
நல்லதாக ஒன்று பொறுக்கி வைத்தேன்.
ஏன் பொறுக்கினேன் என்று கேட்காதீர்கள்,
எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதான்.

லண்டன் பத்திரிகை ஒன்று எழுதியது:
அரிய உழைப்பு. உயிருள்ள நடை.
ஒன்பதாம் காண்டத்தில் வருந்தத்தக்க அச்சுப்பிழை.
மேனேஜர் அரைநாள் கூலி பிடித்தார்.
நான் வாய் திறக்கவில்லை.
கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்,
அரைநாள் என்பது நான்கு ரொட்டி.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு லார்க்ஸுக்கு ரயில் ஏறினேன்.
கடை இருந்தது.
புதுக் கண்ணாடியில் லேசாகப் பச்சை.
உள்ளே அவன் மனைவி ஸெலிண்டா, கறுப்பு உடையில்,
பிஸ்கட் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
சொல்ல ஏதோ தயார் செய்துவைத்திருந்தேன்.

நம்பமாட்டீர்கள், அன்றைக்கு வெயில்.
ஸ்டேஷனிலிருந்து நடந்ததில் முதுகெல்லாம் பிசுபிசு.
பந்தலுக்குள் கால் வைத்தேன்.
கடலிலிருந்து கொஞ்சம் காற்று.

சட்டை பிரிந்தது.

"என்ன வேண்டும்?" என்றாள்.
வனிலா என்றேன்.
வேறெதுவும் வாயில் வரவில்லை.