எர்த்

திறப்பைத் திருப்பினால்
'டிக்'.
அவ்வளவுதான். நாக்கை அண்ணத்தில் தட்டி
யாரோ "ப்ச்" சொன்னதுபோல.
முன்விளக்கு ஒருகணம் மங்கி
மறுபடி முழிக்கும்.

லின்ட்சேக்கு வடக்கே, மூன்று ஏக்கர் காணிக்கு
நானும் சகலனும் பாதிக்குப் பாதி போட்டு வாங்கிய
பதினாறு குதிரை டிராக்டர்.
கோடையில் புல், மாரியில் பனி.
திங்கள் செவ்வாய் புதன் எனக்கு,
வியாழன் வெள்ளி சனி அவருக்கு.
ஞாயிறு அது யாருக்குமில்லை என்று
இரண்டு பேரும் பக்கத்தில் போய் நிற்போம்.

ஏப்ரலில் நான் சொன்னேன்:
"திறப்பை விடாமல் முறுக்கிப் பிடித்து
ஸ்டார்டரை எரித்தது நீங்கள்தான்."
பெயருக்குள்ளேயே கோபம் வைத்திருக்கிற
இரத்தினகோபால் கோபிக்கவில்லை.
"முதலில் எர்த்தைப் பாரும்" என்றார்.
நான் புதியதின் விலையைச் சொன்னேன்.
மறுநாள் அதில் பாதி, தொண்ணூற்றைந்து டொலர்,
கடித உறையில், என் தபால் பெட்டிக்குள்.
பிறகு ஆள் வரவில்லை.

புதியது நான் வாங்கவில்லை.
வாங்கினால் கதை முடிந்துவிடும்.
ஆறு மாதம் தள்ளுமெசினால் புல் வெட்டினேன்,
அவர் வீட்டுப் பக்கம் மட்டும் கொஞ்சம் சத்தமாக.

அக்காவும் தங்கையும் தினம் போனில்.
"அத்தான் சுகமோ?"
"அவருக்கென்ன."
அந்த இடைவெளிக்குள் நாங்கள் இரண்டு ஆம்பிளைகள்
ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டோம்.

நவம்பர் பத்து. நாளை பனி என்கிறது ரேடியோ.
கொட்டிலில் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு
இரண்டு போல்ட் கழற்றி அதை மடியில் எடுத்தேன்.
கைக்குழந்தையின் பாரம், கரி மணம்.
மூடியைத் திறந்ததும் ஸ்பிரிங் துள்ளி
ஒரு கார்பன் பிரஷ் விறகுக்குள் போய் ஒளிந்தது.
அரைமணி நேரம் முழங்காலில் தேடினேன்.
தேய்ந்திருக்கவில்லை, பாதிக்கு மேல் மிச்சம்.
செம்பு கறுத்திருந்தது. உப்புத்தாளால் உரசினேன்;
பழைய சதக்காசு நிறத்துக்கு வந்தது.

இனிப் பூட்டவேண்டும்.
ஒரு கை மோட்டாரின் உடலைப் பிடிக்க,
ஒரு கை ஆர்மேச்சரை இறக்க,
இரண்டு பிரஷையும் பின்னுக்கு இழுத்துவைக்க
மூன்றாவது கை.
மூன்றாவது கை இதுவரை யாருடையது என்று
எனக்குத் தெரியும்.
தவமலரின் கொண்டையூசி இரண்டு கேட்டு வாங்கினேன்.
எதுக்கு என்று அவள் கேட்கவில்லை.
போனில் யாருக்கோ சொன்னாள்:
"ஓம், கொட்டிலுக்குள்ளதான். ஓம், தனிய."

குறட்டுமேசையில் இறுக்கி, பற்றரியைக் கொடுத்தேன்.
சுழன்றது!
மேசை அதிர, ஆணி டப்பா கீழே விழ,
ஒரு பிசகில்லாமல் சுழன்றது.

திரும்பப் பூட்டினேன். திறப்பைத் திருப்பினேன்.
'டிக்'.

வெகுநேரம் இருக்கையிலேயே இருந்தேன்.
கூரைத் தகரத்தில் முதல் பனி,
அரிசி கொட்டுவதுபோல.
பிறகு இறங்கி
ஜம்பர் கேபிளின் கறுப்பு வாயை
என்ஜினின் வெறும் இரும்பில் கவ்வவைத்து
திருப்பினால்,
இருமி, புகைத்து, எழும்பியது.

சிவப்பு வயர் எப்போதும் சரியாகத்தான் இருந்தது.
போன மின்சாரம் வீடு திரும்புகிற வழியில்
சட்டத்தில் ஒரு போல்ட்.
அதன் கீழே, நகத்தால் சுரண்டினால் உதிர்கிற
ஒரு வட்டத் துரு.

சுரண்டினேன். கிரீஸ் பூசி இறுக்கினேன்.
உறையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.
தெருவோரமாக, மணிக்கு எட்டுக் கிலோமீட்டர்,
மஞ்சள் விளக்கு மின்ன,
பின்னால் ஒரு பிக்கப் பொறுமையாக ஊர்ந்து வர,
அவர் வாசலுக்குப் போனேன்.

என்ஜினை நிறுத்தவில்லை.
நிறுத்தினால் ஏதாவது பேசவேண்டிவரும்.

சறத்துக்கு மேல் ஜக்கெற்றோடு வெளியே வந்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
குனிந்து, டோர்ச் அடித்து,
நேரே அந்த போல்ட்டைப் பார்த்தார்.

"கிரீஸ் கூடிப்போச்சு" என்றார்.